தண்ணீர் படக்கூடாத சுவர்

தெற்கிலிருந்து சிரொக்கோ காற்று அடித்தால், இத்தாலியில் பலெர்மோ நகரத்துச் சீசாப் பகுதியில் இருக்கிற எங்கள் பல்கனி முழுக்க மஞ்சள் தூள் படிந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரிக்கு அது கழுவித் தள்ள வேண்டிய அழுக்கு. நான் அதைக் கண்டால் யன்னலை இழுத்துப் பூட்டிவிடுவேன். ஆபிரிக்கப் பாலைவனத்துத் தூள் அது, கடலைத் தாண்டி வருகிறது. அதே தூள்தான் பலெர்மோவுக்குப் பின்னால் இருக்கிற மலைமேட்டில் காலங்காலமாகக் குவிந்து மண்ணாகியிருக்கிறது. அந்த மண் என் மனுசனை என்ன செய்தது என்பதை யாருக்கும் நான் முழுதாகச் சொன்னதில்லை. எழுதிப் பார்க்கிறேன்.

நான் வேலைக்குப் போகும் வீடு வியா மக்வேதா என்ற தெருவில், பழைய கட்டடம் ஒன்றின் மேல்மாடியில். வீட்டுக்கார அம்மா, நான் சிஞ்ஞோரா என்று கூப்பிடுகிறவர், மண் படித்தவர். பல்கலைக்கழகத்தில் மண்ணைப் பற்றியே படிப்பித்து ஓய்வு பெற்றவர். அலுமாரி, மேசை, குளியலறை யன்னல் வரைக்கும் போத்தல் போத்தலாக மண். நான் சேர்ந்த புதிதில், “தூசி தட்டு, ஆனால் போத்தலில் இருக்கிற தூசியில் கை வைக்காதே” என்றார். எது தட்டுகிற தூசி, எது தொடக்கூடாத தூசி என்று பிடிபடுவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

சிஞ்ஞோராவுக்குக் கதை கேட்க ஆள் வேண்டும். நான் உடுப்புக்கு ஸ்திரிக்கை போடும்போது பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு மண்கதை தொடங்குவார். ஒரு நுள்ளு மண்ணை முன்பல்லில் வைத்துக் கடித்துக் காட்டுவார். மணல் என்றால் நறநறக்குமாம், களிமண் என்றால் வழுக்குமாம். மலைமேட்டு மண் இரண்டுமில்லை, கோதுமை மா மாதிரி. விரலால் தேய்த்தால் கைரேகைக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். மணலுக்கும் களிக்கும் நடுவில் நிற்கிற வண்டல் பருமன் அது. காற்று தூக்கிவரக்கூடிய பருமன் அதுதான் என்றார். அதற்குப் பெயர் லோஸ்.

அன்றைக்குப் பின்னேரம் வீட்டில் என் மனுசனிடம் இதைச் சொன்னேன். இவர் சிரித்த சிரிப்பு!

“மண்ணுக்கும் லூசோ? உங்கட சிஞ்ஞோராவுக்குத்தான் எண்டு நினைச்சன்.”

மறுநாள் சிஞ்ஞோராவிடம், அந்த லூசு இங்கிலீசிலிருந்து வந்த சொல் என்பதையும் சேர்த்து, பகிடியாக மொழிபெயர்த்துச் சொன்னால், அவர் கண்ணை விரித்து, லோஸ் என்ற சொல்லுக்கும் அதுதான் அர்த்தம், இறுக்கமில்லாதது, தளர்ந்தது என்று சொன்னார். இவருக்கு அதில் பெரிய புளுகம், பெருமை. தான் மண்படிப்பில் பாதி முடித்துவிட்டதுபோல் திரிந்தார்.

மலைமேட்டில் சிஞ்ஞோராவின் குடும்பத்துக்கு ஒரு காணி உண்டு. கீழே சுண்ணாம்புப் பாறை, மேலே ஆழமான மண். அந்த மண் கீழேயிருக்கிற பாறை கரைந்து உண்டானதா, காற்றோடு வந்து படிந்ததா என்பதுதான் சிஞ்ஞோராவின் கேள்வி. அது தெரிந்தால்தான் எந்த வகையில் சேர்ப்பது என்று எழுதலாம். அதற்கு ஆள் உயரத்துக்கு மேல் ஒரு குழி வெட்ட வேண்டும். சிஞ்ஞோராவுக்கு இடுப்பு ஏலாது. இவர் வேலை செய்த சாப்பாட்டுக்கடை பூட்டுப்பட்டு இவரும் சும்மா இருந்த நேரம் அது. இங்கே தங்குகிற அனுமதியான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க, குவெஸ்தூரா என்கிற பொலிஸ் தலைமையகத்தில் வேலை ஒப்பந்தம் காட்ட வேண்டும். காணியைப் பார்க்கிற ஆளாகப் பதிந்து தருகிறேன், முதலில் குழியை வெட்டித் தரட்டும் என்றார் சிஞ்ஞோரா. இவர் ஓம் என்று சொன்ன வேகத்தைப் பார்க்க வேண்டும்.

“காத்தோட வந்த மண் எண்டால், அதுக்குப் பெர்மெஸ்ஸோ இருக்கோ எண்டு கேளும்” என்று காரில் வரும்போதும் பகிடி விட்டார்.

எனக்கு அந்தக் குழி தொடக்கத்திலிருந்தே பிடிக்கவில்லை. சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கவும் சிஞ்ஞோராவுக்குக் கைத்துணையாகவும் நானும் போவேன். நீளமும் ஒடுக்கமுமாய், ஒரு பக்கம் இறங்குவதற்குப் படி வெட்டி, மற்றப் பக்கம் நேர்ச்சுவராய் இருந்தது. எங்கள் ஊர்ச் சவக்காலையில் வெட்டுகிற ஒன்று எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. அந்தச் சொல்லை அங்கே வைத்து நான் சொல்லவில்லை. இவர் பார்க்காத நேரம் சிலுவை போட்டுக்கொண்டேன்.

“மரம் முட்டுக் குடுக்க வேண்டாமோ?” என்று கேட்டேன்.

சிஞ்ஞோரா தலையை ஆட்டினார். இந்த மண் நேராக வெட்டினால் நேராகவே நிற்கும், சில நாடுகளில் இதைக் குடைந்து அதற்குள்ளே குடும்பமாய் இருக்கிறார்கள் என்றார். உண்மையில் சுவர் கத்தியால் வெட்டின மாதிரித்தான் நின்றது. பின்னேரம் வீட்டுக்குப் போகும்போது குழிக்கு மேல் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, நாலு மூலையிலும் கல் வைக்கச் சொல்லுவார். ஒரு சொட்டு மழையும் விழக்கூடாதாம். சுவரைப் படம் எடுக்கப் போகிறார், ஊத்தையாகிவிடும் என்று சொல்கிறார் என நாங்கள் இருவரும் நினைத்தோம். சுவர் வடிவாய் இருக்க வேண்டும் என்பதுதான் எங்களுக்கு விளங்கியது.

படியில் நின்று சிஞ்ஞோரா சுவரை வாசிப்பார். மேலே வேர் படர்ந்த கறுப்பு. அதற்குக் கீழே வெளிறின படை. மழைத்தண்ணீர் அதிலிருந்து களியைக் கழுவிக் கீழே கொண்டுபோய்விட்டது. அந்தக் களி போய்ச் சேர்ந்த இடம் செம்பழுப்பு, கட்டியை உடைத்தால் உள்ளே மெழுகு பூசினதுபோல் மினுங்கும். அடியில் மஞ்சள் மா, அதற்குள் பொம்மை மாதிரிச் சின்னச் சின்னச் சுண்ணாம்புக் கட்டிகள். அமிலம் ஒரு துளி விட்டால் மேலே இருக்கிற படை சும்மா இருக்கும், அடியில் இருக்கிற படை நுரைக்கும். எங்கிருந்து வந்தது என்பது பாதிதான், வந்த இடத்தில் அதற்கு என்ன நடந்தது என்று பார்த்துத்தான் மண்ணை வகை பிரிக்கிறது என்று சிஞ்ஞோரா சொன்னார். இவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் தலையாட்டினார்.

படம் எடுக்கிற நாள் வந்தது. கமராவையும் நிறம் ஒப்பிட்டுப் பார்க்கிற அட்டைகளையும் எடுக்கச் சிஞ்ஞோரா காருக்குப் போனார். கார் கீழே தெருவில் நின்றது. அவர் நடைக்கு நேரம் எடுக்கும். சுவரின் மேல் விளிம்பிலிருந்து தூள் கொஞ்சம் கொஞ்சமாகப் பொலபொலவென்று உதிர்ந்துகொண்டிருந்தது. அந்த விளிம்பில்தான் இவர் வெட்டின மண்ணையும் குவித்து வைத்திருந்தார்.

இவர் மன்னார்க் கரையில் பிறந்தவர். கால் வைக்கிற இடமெல்லாம் மணல். அங்கே கிணறு கிண்டினாலும் கம்பம் நட்டாலும் முதலில் தண்ணீர் ஊற்றி மணலை இறுக்க வேண்டும். காய்ந்த மணல் சரியும், நனைந்த மணல் நிற்கும். கால் நடக்கத் தொடங்கின நாளிலிருந்து அறிந்த விஷயம். கை கழுவக் கொண்டுவந்த தண்ணீர்க் கலனைத் தூக்கிக்கொண்டு விளிம்புக்குப் போனார்.

“இஞ்சாருங்கோ, சிஞ்ஞோராவைக் கேக்கேல்லையே?”

“உவவுக்குப் படிப்பு இருக்கு, எனக்கு மன்னார் மணல் இருக்கு. பாரும், சுவர் கல்லு மாதிரி நிக்கும்.”

விளிம்பு நெடுக ஊற்றினார். இரண்டாவது கலனையும் ஊற்றினார். ஒரு சொட்டுத் தண்ணீரும் மேலே தேங்கவில்லை. தாகம் எடுத்த மாடு குடிப்பது மாதிரி மண் உறிஞ்சிக்கொண்டது. நான் ஓர் அடி பின்னுக்கு வைத்தேன். நான் யாழ்ப்பாணத்துச் செம்மண்காரி, மணலைப் பற்றி அவரோடு வாதாட எனக்கு என்ன தெரியும்? இவர் படியால் இறங்கி, சுவரின் அடியில் விழுந்து கிடந்த தூளை வழிக்க முழங்காலிட்டார்.

பெரிய சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. அரிசி மூட்டையைப் போட்டதுபோல் தொம் என்றது. பிறகு ஒரே புகை, மஞ்சள் புகை. புகைக்குள் இவர் இல்லை.

நான் கத்தினேன் என்று நினைக்கிறேன். அந்தோனியாரே, அந்தோனியாரே என்பதைத் தவிர வாயில் வேறொன்றும் வரவில்லை. புகை அடங்க முன்னமே படியால் விழுந்தெழும்பி இறங்கினேன். தலை தெரிந்தது. தோள் தெரிந்தது. ஒரு கை வெளியில். நெஞ்சிலிருந்து கீழே எல்லாம் மண். முகம் மா பூசின மாதிரி, அதில் கண் மட்டும் கறுப்பாய் என்னைப் பார்த்தது. உயிர் இருக்கிறது என்று எனக்கு வந்த சந்தோஷம் ஒரு மூச்சு நேரம்கூட நிலைக்கவில்லை. இவர் மூச்சை விட்டார். நெஞ்சு சுருங்கின இடத்துக்குள் தூள் சரசரவென்று வழிந்து இறங்கியது. திரும்ப மூச்சை எடுக்கப் பார்த்தார். நெஞ்சு விரியவில்லை.

முகத்தைக் கழுவிவிட வேண்டும், ஒரு மிடறு பருக்க வேண்டும் என்று தண்ணீர்ப் போத்தலைக் கையில் எடுத்தேன். மேலேயிருந்து ஒரு அலறல். சிஞ்ஞோரா.

“தண்ணீர் வேண்டாம்! ஒரு துளியும் வேண்டாம்!”

அவர் நனைந்த விளிம்பைப் பார்த்துவிட்டார். போனில் தீயணைப்புக்காரரோடு கத்திக் கதைத்துக்கொண்டே, “யார் தண்ணீர் ஊற்றியது? இதில் தண்ணீர் பட்டால் நிற்காதே, காய்ந்திருக்கிற வரைக்கும்தானே நிற்கும்! யார் ஊற்றியது?” என்று கேட்டார். நான் போத்தலை மூடிப் படியில் வைத்தேன். இவருடைய கண் சிஞ்ஞோரா பக்கம் போய், திரும்பி என்னிடம் வந்தது.

பிறகு சிஞ்ஞோரா தரையில் குப்புறப் படுத்து, தலையை மட்டும் நீட்டி எனக்குச் சொன்னார். மற்றச் சுவரைத் தொடாதே. நெஞ்சைச் சுற்றி மட்டும் அள்ளு. அவரைப் பேச விடாதே. பேசினால் மூச்சு போகும், போன மூச்சின் இடத்தை மண் எடுத்துக்கொள்ளும், திருப்பித் தராது.

சோற்றுச் சட்டியைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு அந்தச் சட்டியால் அள்ளினேன். அள்ள அள்ள வழிந்தது. ஒரு சட்டி எடுத்தால் அரைச் சட்டி திரும்பி வந்தது. மண்வெட்டி போட முடியாது, உடம்பில் பட்டுவிடும். நகத்தால் பிறாண்டினேன். பின்னால் மற்றச் சுவரிலிருந்து தூள் உதிர்கிற சத்தம் கேட்கும், திரும்பிப் பார்க்கப் பயம், பார்க்காமல் இருக்கவும் பயம். அருள்நிறைந்த மரியே என்று தொடங்குவேன், முதல் வரிக்கு அப்பால் ஒன்றும் ஞாபகம் வராது. சின்ன வயதிலிருந்து ஒவ்வொரு இரவும் சொன்ன செபம்!

இவருடைய உதடு நீலமாகத் தொடங்கியது. வாயை அசைத்தார். ஏதோ சொல்லப் பார்த்தார்.

“கதையாதேங்கோ!”

திரும்ப அசைத்தார்.

“ஐயோ, கதையாதேங்கோ எண்டு சொல்லுறன், உங்களைக் கும்பிடுறன்!”

எனக்குத் தெரியும் என்ன சொல்லப் போகிறார் என்று. மகளைப் பார்த்துக்கொள்ளும் என்பார். அல்லது என்னை மன்னித்துக்கொள்ளும் என்பார். சாகப் போகிறவர்கள் அதைத்தானே சொல்வார்கள். அதைக் கேட்டுவிட்டால் இவர் போய்விடுவார் என்று நம்பினேன். சொல்ல விடாவிட்டால் இருப்பார். பைத்தியக்கார நினைப்புத்தான், ஆனால் அதைப் பிடித்துக்கொண்டுதான் அள்ளினேன். அவர் உதடு விரிகிற ஒவ்வொரு முறையும் நான் முந்திக்கொண்டு கதைத்தேன். மகள் பள்ளிக்கூடத்தால் வந்திருப்பாள், பசிக்கும், பாண் வாங்க வேண்டும், பல்லாரோச் சந்தையில் மீன் மலிவாம். என்னவெல்லாமோ கதைத்தேன். இவர் கண்ணை மூடித் திறந்துகொண்டிருந்தார். மூடின கண் திறக்கப் பிந்துகிறபோதெல்லாம் கன்னத்தில் அடித்தேன்.

தீயணைப்புக்காரர் வந்தார்கள். என்னைத் தூக்கி வெளியே விட்டுவிட்டு, பலகைகளை இறக்கி மற்றச் சுவருக்கு முட்டுக் கொடுத்தார்கள். பிறகு சின்ன வாளிகளால் கை மாற்றிக் கை மாற்றி அள்ளினார்கள். நான் விளிம்பில் சிஞ்ஞோராவுக்குப் பக்கத்தில் படுத்துக் கிடந்தேன். அவர் கை என் கையைப் பிடித்திருந்தது.

நெஞ்சு வெளியே வந்தது. வயிறு வந்தது. இவர் பெரிதாய் ஒரு மூச்சை இழுத்தார். இழுத்த சத்தம் மேலே எங்களுக்குக் கேட்டது. இருமினார், மண்ணாய்த் துப்பினார், இன்னொரு மூச்சை இழுத்தார். நான் குழிக்குள் தலையை நீட்டி, “இஞ்சாருங்கோ, இஞ்சை நிக்கிறன்” என்றேன். இனிச் சொல்லட்டும், மகளைப் பற்றிச் சொல்லட்டும், என்னைப் பற்றிச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.

இவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பக்கத்தில் கிடந்த சிஞ்ஞோராவைத் தேடிப் பார்த்தார். உதடு அதே மாதிரி அசைந்தது. இப்போது சத்தமும் வந்தது.

“ஸ்கூசி, சிஞ்ஞோரா” என்றார். “ஸ்கூசி. சுவரைப் பழுதாக்கிப்போட்டன்.”

மன்னிப்புக் கேட்ட முதற்பாதி இத்தாலியன், மறுபாதி தமிழ். சிஞ்ஞோராவுக்கு விளங்கின பாதி போதுமாயிருந்தது. என் கையை விட்டுவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டார். எனக்கு அழுகை வரவில்லை. மூச்சில்லாமல் கிடந்தபோதும் இந்த மனுசன் வேலை போய்விடுமோ என்றுதான் பயந்திருக்கிறார், நான் தடுத்துத் தடுத்து வைத்ததும் இந்த ஸ்கூசியைத்தான் என்று விளங்கினபோது, மண் விழுந்த நேரத்தைவிடக் கூடுதலாகப் பயந்தேன்.