திரும்பி வந்த பதினைந்து கிலோ

1. மேசைக்கு முன்னால் மூட்டை

வட்ட வழங்கல் அலுவலராக இருந்த காலத்தில் அரிசி வரவில்லை என்று வந்தவர்களை ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறேன். அரிசி வேண்டாம், திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று வந்தவர் ஒருவர்தான். ஒரு திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு என் மேசைக்கு முன்னால் அவர் பதினைந்து கிலோ மூட்டையை இறக்கினார். பெயர் சுனிதா, ஊர் பீகார். கீழக்குயில்குடி தாண்டி ஒரு செங்கல் சூளையில் கணவரோடு மூன்று வருடமாகக் கல் அறுக்கிறார். கூடவே சூளை மேஸ்திரி பாண்டி.

"சார், இது அரிசி திரும்ப எடுங்க. ஊர்ல பசங்களுக்குக் குடுக்கச் சொல்லுங்க" என்றார் சுனிதா.

பாண்டி விளக்கினார். "அட்டையில அஞ்சு பேரு சார். இதுக ரெண்டும் இங்க. ரெண்டு பிள்ளைகளும் கொழுந்தனாரும் ஊர்ல. நம்ம ரேஷன் கடையில அஞ்சு பேரு அரிசியையும் ஒரே தூக்காத் தூக்கிக் கொடுத்துட்டாக. ஊர்ல கொழுந்தன் கடைக்குப் போனா, உங்க அரிசியத்தான் மதுரையில வாங்கியாச்சேன்னு வெரட்டி விட்டுட்டான். ரெண்டு நாளா இந்தப் பிள்ளை வேலைக்கு வரல, அழுதுக்கிட்டே கெடக்கு."

அன்று தேதி பதினான்கு. அடுத்த மாத அரிசி வரும்வரை கொழுந்தனாரின் கூலியில் வெளிக்கடை அரிசி வாங்கித்தான் அந்தப் பிள்ளைகள் சாப்பிட வேண்டும். அவருக்கும் அந்த வாரம் வேலை இல்லையாம்.

2. யார் சொன்னது?

அந்த ரேஷன் கடை விற்பனையாளர் முருகேசனை வரச் சொன்னேன். வந்ததும் சத்தம் போட்டேன்.

"ரெண்டு பேருக்கு மட்டும் பத்துக் கிலோ பில் போட மெஷின்ல வழி இருக்கா இல்லையா?"

"இருக்கு சார்."

"அப்புறம் ஏன்யா இருபத்தஞ்சு கிலோவுக்கும் போட்ட?"

"நீங்கதான சார் போன மாசம் மீட்டிங்ல சொன்னீங்க, வெளிமாநில அட்டைன்னா முழுசாப் போட்டு விடுங்கன்னு. கொடுக்காட்டி ஏன் கொடுக்கலங்கிறீங்க, கொடுத்தா ஏன் கொடுத்தேங்கிறீங்க. நான் எங்கிட்டுத்தான் சார் போறது?"

நான் சொன்னது உண்மைதான்.

ஏன் சொன்னேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். வெளிமாநிலத்தார் வாங்கும் அரிசி மெஷினில் பதிவானால்தான் மத்தியத் தொகுப்பில் கழியும். இல்லாவிட்டால் பாரம் மாநிலத்தின் தலையில். ஆகவே மெஷினில் கிலோக் கணக்கு ஏற வேண்டும் என்று மாநிலம் கேட்டது. எந்த ஊர் அட்டைக்கும் எந்த ஊரிலும் அரிசி என்ற திட்டம் ஓடுவதைக் காட்ட மத்திய அரசும் கிலோ கேட்டது. நிதி விஷயத்தில் இருவரும் ஒத்துப்போய் நான் பார்த்தது அந்த ஒன்றில்தான். ரிவ்யூவில் என் மேலதிகாரி, "என்னய்யா, உங்க தாலுகா மட்டும் படுத்துக் கெடக்கு?" என்றார். நான் அதை அப்படியே முருகேசன் தலையில் இறக்கினேன். அவர் பட்டனை அமுக்கினார்.

3. மூன்று கதவுகள்

பில்லை ரத்து செய்யத் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டேன். "அட்டை அவங்க மாநிலத்தோடது சார், அவங்கதான் பாக்கணும்" என்றார்கள். பீகாரில் அந்த வட்டார அலுவலகத்தைப் பிடித்து எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். அரிசி கொடுத்தது நீங்கள், எங்கள் இருப்பில் அந்த அட்டைக்குப் பூஜ்யம் என்றார்கள். மத்திய அரசின் இலவச எண்ணில் இருபது நிமிடம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பெண், "பில் போட்டது உங்க தாலுகா சார், அங்க இருக்கிற வழங்கல் அலுவலர்கிட்ட மனு கொடுங்க" என்றார்.

"நான்தாம்மா அந்த அலுவலர்."

"அப்ப அவர்கிட்டயே கொடுங்க சார்" என்று வைத்துவிட்டார்.

மூட்டையைத் திரும்ப வாங்கவும் விதி இல்லை. விற்ற அரிசி கடைக்குள் வந்தால் இருப்பு கூடும். இருப்பு கூடினால் முருகேசனுக்கு சஸ்பென்ஷன். ரயிலில் ஊருக்குக் கொண்டுபோனால் ரேஷன் அரிசிக் கடத்தல் என்று பிடிப்பார்கள். பரிதாபப்பட்டு நான் விலைக்கு வாங்கினால் அது தனி வழக்கு, அதில் முதல் குற்றவாளி நான். முப்பத்தோரு வருட சர்வீஸில் எனக்குத் தெரியாத விதி கிடையாது. அத்தனையையும் அந்தப் பெண்ணிடம் வரிசையாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

பிறகு பாண்டியிடம், "அண்ணே, தினேஷ் இந்த மாசம் அரிசி வாங்கினானா?" என்றார்.

தினேஷ் அதே சூளையில் மனைவி, மகனோடு மூன்று பேராக இருக்கும் அதே ஊர்க்காரன். கடையில் கூட்டம் என்று அந்த மாதம் இன்னும் போகவில்லை. சுனிதா போனில் அவனிடம் பேசினார். அவன் ஊரில் இருக்கும் தன் அண்ணனிடம் பேசினான். அண்ணன் தங்கள் அட்டைக்கு உண்டான முழு அரிசியையும் ஊரிலேயே வாங்கி, பதினைந்து கிலோவைச் சுனிதாவின் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுவான். சுனிதாவின் மூட்டையைத் தினேஷ் இங்கே வைத்துச் சமைத்துக்கொள்வான். எல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்தது.

"இது சரியா சார்? தப்பு இல்லையே?" என்று சுனிதா என்னைக் கேட்டார்.

யோசித்துப் பார்த்தேன். சரி என்று சொல்ல விதி இல்லை. தப்பு என்று சொல்லவும் எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. "மூட்டையைத் தூக்குய்யா" என்றேன் முருகேசனிடம். அவரே தூக்கிக்கொண்டு போய்ப் பாண்டியின் டிவிஎஸ்-ஸில் கட்டினார்.

4. மெமோ

மறுநாளே எல்லாக் கடைகளுக்கும் வாய்மொழியாகச் சொன்னேன்: வெளிமாநில அட்டை வந்தால், ஊரில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுப் பில் போடுங்கள். எழுத்தில் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் எந்த அரசாணைப்படி என்று கேட்டிருப்பார்கள்.

அடுத்த மாதம் எங்கள் தாலுகாவின் கிலோ சரிந்தது. விளக்கம் கேட்டு மெமோ வந்தது. "கேட்டுவிட்டுக் கொடுத்ததால் குறைந்தது" என்று ஒரு வரி எழுதி அனுப்பினேன். விளக்கம் தெளிவாக இல்லை என்று இரண்டாவது மெமோ வந்தது. அதே வரியைத் திரும்ப அனுப்பினேன். நான் ஓய்வு பெற்ற அன்று அந்தக் கோப்பில் ஐந்து மெமோக்கள் இருந்தன.

இன்று அந்த நாற்காலிகளில் இருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்ல எனக்கு இருப்பது இவ்வளவுதான். மேலிடம் கிலோ கேட்கும், கேட்டுக்கொண்டே இருக்கும். பட்டனை அமுக்குமுன் எதிரில் நிற்பவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். மெமோ வரும், அதற்குப் பதில் எழுத உங்களுக்குச் சம்பளம் இருக்கிறது.