அவருக்குப் பசி, எனக்குக் குணம்

எழுபதுகளின் நடுவில் நான் மீஞ்சூருக்கு மருமகளாக வந்த முதல் வாரமே கடைவாய்ப் பல் வீங்கிவிட்டது. வாயைத் திறக்க முடியாத வலி. அந்த நேரம் பார்த்து, வந்திருந்த உறவுக்காரர் ஒருவர் காபியில் சர்க்கரை போதவில்லை என்று இரண்டாம் முறையும் டம்ளரைத் திருப்பி அனுப்பினார். நான் அதைச் சமையல் மேடைமேல் ஓங்கி வைத்தேன். அவ்வளவுதான். பல்லைப் பிடுங்கியாயிற்று, வலியும் போயிற்று. பெயர் மட்டும் போகவில்லை. யார் வந்தாலும் மாமியார் என்னைக் காட்டி, "சின்னவ கொஞ்சம் கோவக்காரி" என்பார்.

என் கணவரின் அண்ணனுக்குக் கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலை வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் எதையாவது வீசுவார். செருப்பு, துண்டு, சில நாள் சோற்றுத் தட்டு. ஒவ்வொன்றுக்கும் மாமியாரிடம் காரணம் தயாராக இருக்கும். "பாவம், பசியோட வந்துகிறான்." "ரயிலு லேட்டு." "வெயில்ல நின்னுகினு வேல செய்றான்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மழை பெய்து ஊரே குளிர்ந்திருந்தது. வயிறாரச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்தவர், பேப்பரைக் காணோம் என்று ஸ்டூலை எட்டி உதைத்தார். பேப்பர் அவர் தலையணைக்கு அடியில்தான் இருந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. "இன்னிக்கு ரயிலும் இல்ல, பசியும் இல்ல. இது இன்னாத்துக்கு அத்தை?" என்று கேட்டேன்.

"பகல்ல தூங்குனா தலை பாரமாத்தான் இருக்கும். அதுக்கு நீ இன்னாத்துக்கு இப்படிச் சீறிகினு வர?"

நான் சாதாரணமாகத்தான் கேட்டிருந்தேன்.

சமையலறையில் அண்ணனின் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர், வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே, "எனக்குக் கல்யாணமான நாள்லேர்ந்து அவருக்குப் பசிதான்" என்றார். இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அடுத்த முறை தட்டு பறந்தால் நாம் சோற்றைப் பொறுக்கி எடுப்பதில்லை என்று அங்கேயே பேசிக்கொண்டோம்.

அந்த வாரமே பறந்தது. நாங்கள் நகரவில்லை. சோறு கூடமெங்கும் கிடந்தது. கடைசியில் மாமியாரே இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். "இன்னா கொணம்டா இது உனக்கு" என்றார் மகனைப் பார்த்து. மகன் எழுந்து வெளியே போய்விட்டார். அதன்பின் தட்டு பறப்பது நின்றது. செருப்பு நிற்கவில்லை.

தட்டு பறந்த மறுநாள் காலை மாமியார் என்னைக் கூப்பிட்டார். "நேத்து இடுப்பு வலி. அந்த எரிச்சல்ல கொணம், அது இதுன்னு உளறிட்டேன். எம்புள்ளைக்கு அப்படிக் கெட்ட கொணமெல்லாம் கிடையாது. தெரியுதா?"

சரி அத்தை என்று சொல்லிவிட்டு உலை வைக்கப் போனேன்.