ஓட்டல் கேட்டுக்கு வெளியே நின்ற தாய்மாமன்

செட்டிகுளத்துப் பஞ்சநாதனுக்கு இரண்டு தொழில். ஒன்று சின்ன வெங்காயம் போடுவது, இன்னொன்று கோபித்துக்கொள்வது. முதல் தொழிலில் நட்டம் வந்த வருசங்கள் உண்டு, இரண்டாவதில் கிடையாது. இலையில் வைத்த அப்பளம் உடைந்திருந்தது என்று சொந்தச் சித்தப்பா மகன் கல்யாணத்தில் பாதிச் சோற்றில் எழுந்து வந்தவன் அவன். பங்காளியாகப் பிறந்த பாவத்துக்கு, அவனைச் சமாதானம் செய்து கூட்டிவரும் வேலை எப்போதும் என் தலையில்தான் விழும்.

அவனுக்கும் பொன்னம்மாளுக்கும் பிள்ளை இல்லை. தங்கை பரிமளாவுக்கும் வெகுகாலம் கழித்துத்தான் பூவிழி பிறந்தாள். "எம் மடியில வச்சுத்தான் இவளுக்குக் காது குத்தணும்" என்று ஆஸ்பத்திரியிலேயே சொல்லிவிட்டான். அதன்பிறகு வெங்காய விலையைக்கூடப் பேச மறந்தான்.

பரிமளாவின் புருசன் கலைச்செல்வன் சென்னையில் பெரிய கம்பெனியில் இருக்கிறார். காதுகுத்தை வெள்ளைக்காரன் காலத்து நட்சத்திர ஓட்டல் ஒன்றில் வைத்தார். முதல்நாளே போய்விட்டோம். பெண்கள் ஓர் அறையில், நானும் பஞ்சநாதனும் இன்னோர் அறையில். கட்டிலுக்கு மேலே முறுக்கு மீசையோடு ஒரு துரையின் படம்.

"இந்தாளு முன்னாடி எப்படிடா வேட்டி மாத்துறது?" என்று படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தான். குளியலறையில் ஆள் படுக்கிற அளவுக்குத் தொட்டி இருந்தது, ஒரு சொம்பு இல்லை. ஐஸ் வைக்கிற வாளியில் மொண்டு ஊற்றிக் குளித்தோம். மெத்தை ஆளையே விழுங்கியதால் தரையில் படுத்தோம்.

காலையில் சீர்த்தட்டு அடுக்கும்போதுதான் அவனுக்கு உறைத்தது. எங்கள் பக்கம் தாய்மாமன் சீரோடு வந்து தெருமுனையில் நிற்பான். தங்கையும் மாப்பிள்ளையும் மேளத்தோடு போய், மாலை போட்டு அழைத்துவர வேண்டும். அழைக்காமல் நுழைகிறவன் மாமன் இல்லை, சாப்பிட வந்தவன்.

"உள்ளயே படுத்துக் கெடக்குறவன எப்படிடா அழைப்பாங்க?" என்றான்.

அவ்வளவுதான். பொன்னம்மாள், நான், காது குத்த ஊரிலிருந்து கூட்டிவந்த ஆசாரி என எல்லோர் கையிலும் தட்டைக் கொடுத்து, தோட்டத்தைத் தாண்டி, கேட்டுக்கு வெளியே பிளாட்பாரத்தில் நிறுத்திவிட்டான். பழம், மஞ்சள், பட்டுப்பாவாடை, போதாததற்குத் தன் கொல்லை வெங்காயம் ஒரு தாம்பாளம். காவலாளி எங்களைப் பார்த்து, "பஸ் ஸ்டாப்பு அந்தப் பக்கம்" என்றார்.

பஞ்சநாதனுக்குப் போன் வந்தது, கலைச்செல்வன்தான். "மச்சான், எங்க கம்பெனி ஆளுங்கல்லாம் வந்துட்டாங்க. இங்க மேளமெல்லாம் விடமாட்டாங்க. பேசாம உள்ள வாங்க. நேரம் போவுது, இல்லாட்டி எங்க அண்ணன் மடியில வச்சுக் குத்திடுவோம்."

பஞ்சநாதன் கோபப்படுவான் என்று பார்த்தேன். கோபம் வரவில்லை. பேச்சு முடிந்த பிறகும் போனைக் காதிலேயே வைத்திருந்தான். அவன் பயந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். "வாடா, போயிடுவோம்" என்றேன். போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது பரிமளா வந்தாள். பட்டுப்புடவை, வெறுங்கால், இடுப்பில் பிள்ளை.

"ஏண்ணே, ரூம் ரூமா தேடுறேன், இங்க வந்து நிக்கிற?"

"அழைக்காம எப்படிம்மா வருவேன்?"

பின்னால் கோட்டு சூட்டோடு ஓடிவந்த புருசனைத் திரும்பிப் பார்த்தாள். "மேளம் வேணாம்னு சொன்னது நீங்கதான? மாலையாவது போடுங்க."

மாலைக்கு எங்கே போவது? கேட்டில் அலங்காரத்துக்குக் கட்டியிருந்த செவ்வந்திச் சரத்தைக் கலைச்செல்வன் பிடுங்கினார். காவலாளி வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்தார். என் தட்டிலிருந்த பழத்தை ஆசாரியின் தட்டில் கொட்டிவிட்டு, காலித் தட்டை நான் பலமாகத் தட்டினேன். பஞ்சநாதன் கழுத்தை ஒரு விரற்கடைதான் தாழ்த்தினான், அத்தனை கெத்து.

சலவைக்கல் கூடத்தில், கம்பெனி ஆட்கள் ஜூஸ் குடித்துக்கொண்டு சுற்றி நிற்க, பூவிழியை மடியில் வைத்துக்கொண்டான். ஆசாரி குத்தியதும் பிள்ளை ஓட்டல் இடிகிற மாதிரி வீறிட்டாள். அதோடு விடாமல் மாமனின் பட்டுவேட்டியை முழுசாக நனைத்தும் விட்டாள்.

பொன்னம்மாள் ஓடிப்போய் வேறு வேட்டி கொண்டுவந்தாள்.

"இருக்கட்டும் போடி" என்றான்.