வெறுங்காணி என்று எழுதப்பட்ட சரிவு

"நம்ம தோட்டத்தப் பாக்க எவன் புள்ள காசு குடுத்து வருவான்?"

அப்பா இதைக் கேலியாகக்கூடக் கேட்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்தைப் பற்றி என் அலுவலகம் ஓர் அறிமுகம் தயாரிக்கிறது, எழுதப்போவது நான்தான் என்று சொன்ன அன்று கேட்டது இது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவள் நான் ஒருத்திதான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமே இல்லை. "நான் எழுதினா வருவாங்க" என்று சொல்லிவிட்டுக் கண்டி பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

அலுவலகம் நகரத்தில் ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில் இருக்கிறது. முதலாளி திகனப் பக்கத்து முஸ்லிம், அண்ணன் முறையில் எங்கள் எல்லோருக்கும் நானா. யாருக்கும் அதிகம் தெரியாத ஊர்களைப் பற்றி, சுற்றிப் பார்க்க வருபவர்களுக்கும் பணம் போட நினைப்பவர்களுக்குமாகப் படங்களோடு எழுதிக்கொடுப்பது எங்கள் தொழில். கலகெதரப் பக்கம் ஓர் ஊரை முடித்த கையோடு, வத்தேகமவுக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்தை எடுத்தோம். கொழும்பு ஹோட்டல்காரர் ஒருவர் மலையில் குடில்கள் கட்ட இடம் தேடிக்கொண்டிருந்தார்.

மாதிரிக்கு என்று நானா இந்தோனேசியக் கிராமம் ஒன்றின் அறிமுகத்தை அச்செடுத்து என் மேசையில் வைத்தார். "தங்கச்சி, இத வாசிங்க. ஒருத்தருக்கும் தெரியாத ஊர். வாசிச்சு முடிக்கக்குள்ள டிக்கட் போடத் தோணுது. இப்பிடித்தான் வேணும்."

நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள். படிப்படியாக வயல், பின்னால் எரிமலை, முற்றத்தில் கோப்பிக்கொட்டை காயப்போடும் பெண்கள். அந்த ஊரில் எல்லோரும் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். ஒருவருக்காவது பல்வலி இல்லை, பக்கத்து வீட்டோடு சண்டை இல்லை. கடைசிப் படத்தில் யாருமில்லாத ஒரு பச்சைச் சரிவு. கீழே, முதலீட்டுக்கு இங்கே நிலம் உண்டு என்று ஒரு வரி.

தொழிலாளர் வீடுகள் ஒரே கூரையில் வரிசையாக இருக்கும் எங்கள் லயத்துக்குக் கீழேயும் ஒரு சரிவு உண்டு. அது சும்மா கிடப்பதில்லை. போஞ்சி, மிளகாய், கத்தரி என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதில் சில பாத்திகள் இருக்கின்றன. தோட்டத்துச் சம்பளத்தில் அரிசி வரும். என் சப்பாத்தும் டியூஷனும் அந்தச் சரிவிலிருந்து வத்தேகமச் சந்தைக்குப் போன போஞ்சியில் வந்தன. காணி தோட்டக் கம்பனியுடையது. எழுத்தில் எங்களுக்கு ஒன்றுமில்லை. யாரும் கேட்காத வரைக்கும் பயிர் செய்கிறோம், அவ்வளவுதான்.

படம் எடுக்கப் போகுமுன் நானா மரியாதைக்காகத் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவருக்குத் தொலைபேசியில் சொன்னார். "சொல்லாமப் போய் நிக்கிறது சரியில்ல தங்கச்சி. பொம்புளப் புள்ளைகள் ஈக்கிற இடம்."

தலைவர் லயம் முழுக்கச் சொல்லிவிட்டார். வெளியாட்கள் வருகிறார்கள், கமராவோடு வருகிறார்கள் என்று. இவ்வளவு போதும் எங்கள் ஆட்களுக்கு.

தோட்ட நிர்வாகியான பெரியதுரை பார்வையிட வரும் நாளில் எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. கொடியில் காயும் துணி உள்ளே போகும். ஆடுகள் மலைக்கு மேலே போகும். சரிவைச் சுற்றி வேலியாகக் கட்டிய தகரமும் சேலைக் கிழிசலும் கழன்று, நாங்கள் குடியிருக்கும் காம்பராவுக்குள் போகும். போஞ்சிக் கம்பு, தண்ணீர்க் குழாய், சட்டித்தலைப் பொம்மை எதுவும் மிஞ்சாது. கடைசியாக மானாப்புல்லை வெட்டிப் பாத்திகளின் மேல் பரப்பிவிடுவார்கள். துரை மேலே றோட்டில் நின்று பார்த்தால் புல்தான் தெரியும். மறுநாள் காலையில் எல்லாம் பழையபடி முளைத்துவிடும். துரைக்கும் இது தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

நாங்கள் வேனில் போய் இறங்கியபோது லயத்து வாசலில் பன்னீர், சந்தனம், மாலை. சரிவில் புல். முந்தின வாரம்தான் அப்பா போஞ்சி விதை ஊன்றியிருந்தார்.

"பாத்தியெல்லாம் எங்கம்மா?" என்றேன், அம்மாவின் காதோடு.

"சத்தம் போடாத. எல்லாம் மறச்சாச்சு" என்றாள் அம்மா, பரீட்சையில் முதலாவதாக வந்த பிள்ளையைப்போல.

"இவரு தொர இல்லம்மா!"

"வேன்ல வந்திருக்காகல்ல."

நானா மாலையோடு நின்று, கையைக் காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தார். படம்பிடிக்கிறவர் சரிவின் விளிம்புக்குப் போய், "அடடா, என்ன பச்சை!" என்று கிளிக் கிளிக்கென்று எடுத்துத் தள்ளினார்.

திங்கட்கிழமை படங்கள் வந்தன. சரிவின் படத்துக்குக் கீழே நானா தானே தட்டச்சு செய்திருந்தார்: பயன்படுத்தப்படாத பசுமையான வெறுங்காணி, குடில்கள் அமைக்க உகந்தது.

"நானா, அது வெறுங்காணி இல்ல. எங்கட போஞ்சி."

"நானும் கண்ணாலதானே பார்த்தேன்? புல்லு!"

மானாப்புல் கதையைச் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார், பிறகு தலையைச் சொறிந்தார். "தங்கச்சி, காணி உங்கட ஆக்கள்ட பேர்லயும் இல்லையே."

"இல்ல. அதுக்காக சும்மா கெடக்குதுன்னு நாம எழுதிக் குடுக்கலாமா? அந்த ஹோட்டல்காரர் கம்பனிக்கிட்ட போய் எந்தத் துண்டக் கேப்பார்?"

"அப்ப காட்டுங்க. படத்துல இல்லாதத நான் எப்பிடிப் போட? வெள்ளிக்கிழமை அனுப்பணும்."

வீட்டுக்குப் போனில் கோல் எடுத்துக் கத்தினேன். நாங்கள் உழுத மண்ணை நாங்களே புல் போட்டு மூடி, இதில் ஒன்றுமில்லை எடுத்துக்கொள் என்று காட்டியிருக்கிறோம். அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சரி புள்ள. அடுத்த தடவ வாறப்ப முந்தியே சொல்லு, இன்னும் நல்லாத் துப்புரவா வைக்கிறோம்."

போனை மேசையில் வைத்துவிட்டு அந்த இந்தோனேசிய அறிமுகத்தை மறுபடி எடுத்தேன். கடைசிப் படத்தின் பச்சைச் சரிவு. எனக்கு ஆத்திரமாக வந்தது. அங்கேயும் யாரோ ஓர் அம்மா, வேன் வருகிறதென்று கேட்டுக் கம்புகளைப் பிடுங்கி உள்ளே வைத்திருப்பாள். அவளுடைய பிள்ளை அந்த அலுவலகத்தில் வேலை பார்க்கவில்லை, அதுதான் வித்தியாசம். அந்தத் தாளை நானாவின் மேசையில் திருப்பி வைத்துவிட்டு, நானாவின் வரியை என் கணினியில் அழித்தேன். "இந்தச் சரிவில் லயத்துக் குடும்பங்கள் மரக்கறி பயிரிடுகின்றன" என்று எழுதினேன். அதன் மேலே படத்துக்கான இடம் காலியாக இருந்தது.

"நாளைக்குக் காலையில வேன் வேணும் நானா. ஒரு வேண்டுகோள். இந்தத் தடவ தலைவருக்குக் கோல் எடுக்காதீங்க."

"மரியாதை இல்லாமப் போயிடுமே."

"அது என் வீடு. மரியாதையை நான் பார்த்துக்கிறேன்."

அவர் வேன் சாவியைப் படம்பிடிக்கிறவரிடம் கொடுத்தார்.

இதை வேனின் பின் இருக்கையில் இருந்துதான் எழுதுகிறேன். வத்தேகமச் சந்தியைத் தாண்டிவிட்டோம். அப்பா இரண்டு தடவை கோல் எடுத்துவிட்டார். நான் போனைத் தொடவில்லை.