ராமஜெய நோட்டில் ஜப்பான் பாஷை

முப்பத்து மூன்று வயதில் நான் ஜப்பான் பாஷை படித்தேன். அறிவு வளர்வதற்காக இல்லை. பயத்தினால் படித்தேன். சுத்தமான, கலப்படமில்லாத பயம். இதைச் சொல்லிக்கொள்ள இப்போது எனக்குக் கூச்சமில்லை. அன்றைக்கு மைலாப்பூரில் பயப்படாதவன் யார் என்று என்னையே திருப்பிக் கேட்டுக்கொண்டு சமாதானம் ஆகிவிடுகிறேன்.

அது நாற்பத்திரண்டாம் வருஷம். ஜப்பான்காரனிடம் சிங்கப்பூர் போயிற்று, ரங்கூன் போயிற்று, அடுத்தது நாம்தான் என்று ஊரே சொல்லிற்று. கடற்கரை மணலில் பள்ளம் தோண்டினார்கள். தெருவிளக்குகளுக்குக் கறுப்புச் சாயம் பூசினார்கள். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு பூட்டுத் தொங்கிற்று. நாங்கள் இருந்தது நாலு குடித்தனம் இருந்த வீடு; மூன்று குடித்தனம் மூட்டை கட்டிக்கொண்டு கும்பகோணம், திருச்சி என்று போய்விட்டது. எங்களுக்குப் போக்கிடம் இல்லை. என் மனைவிக்குப் பிறந்த வீட்டில் யாரும் மிச்சமில்லை. நான் இதே மைலாப்பூரில் பிறந்தவன், எனக்குச் சொல்லிக்கொள்ள வேறு ஊரே கிடையாது. போதாக்குறைக்கு ஆபீஸ். சர்க்கார் ஆபீஸ்களில் பாதியை உள்நாட்டுக்கு மாற்றினார்கள். எங்கள் செக்‌ஷனை மட்டும், வருகிறவனை வரவேற்க ஆள் வேண்டாமா என்பது போல, இங்கேயே விட்டு வைத்தார்கள்.

ஆக நான், என் மனைவி, மூன்று வயதுப் பெண் குழந்தை, மூன்று பேரும் அந்தப் பெரிய வீட்டில். மாடியில் பூனை நடந்தால் நான் எழுந்து விளக்கை அணைத்துவிடுவேன்.

ஜப்பான்காரன் வந்தால் என்ன செய்வது? இந்தக் கேள்வியைத்தான் நான் சாப்பிடும்போதும் பைல் புரட்டும்போதும் மென்றுகொண்டிருந்தேன். வாசலில் துப்பாக்கியோடு நிற்பான். ஏதோ கேட்பான். நான் திருதிருவென்று விழிப்பேன். சுட்டுவிடுவான். அவன் பாஷையில் நாலு வார்த்தை தெரிந்தால் பிழைத்துப்போகலாம் இல்லையா? குடும்பத்தைக் காப்பாற்றலாம் இல்லையா? இப்படித்தான் எனக்குள் அந்த யோசனை முளைத்தது.

திருவல்லிக்கேணியில் பெரிய மசூதிக்குப் பின்னால் பாய் ஒருவர் கடை வைத்திருந்தார். என் வயதுதான் இருக்கும். ஜப்பான் பொம்மை, பட்டு, பீங்கான் கோப்பை எல்லாம் தருவித்து விற்றவர். ஜப்பானில் கோபே துறைமுகத்தில் ஐந்து வருஷம் இருந்து வியாபாரம் பார்த்தவர் என்பது எனக்குத் தெரியும். குழந்தைக்குப் பொம்மை வாங்கப் போனபோது சொல்லியிருந்தார். சண்டை வந்ததும் சரக்கு நின்றுபோய், வெறும் அலமாரிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். நான் போய்த் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். அவர் எழுந்து கடைக்கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“இன்னா ஐயரே, என்னையும் சேத்து உள்ளே தள்ளப் பாக்கிறீங்களா?” என்றார்.

அப்புறம் என் முகத்தைப் பார்த்து என்ன தோன்றிற்றோ, “ஞாயித்துக்கிழமை மத்தியானம் வாங்க. பொம்மை ரிப்பேருன்னு சொல்லிக்கினு வாங்க” என்றார்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சாப்பிட்ட கையோடு, கண் இல்லாத ஒரு செல்லுலாயிட் பொம்மையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு டிராம் ஏறினேன். டிராமில் ஒரு நாள் கூடையோடு உட்கார்ந்திருந்த மீன்காரி கண்டக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: “நாங்க எங்க போறது நைனா? எல்லாரும் ஓடிக்கினு கீறாங்க. எங்களுக்குக் கடலு இங்கதானே கீது.” இவளுக்கு இருக்கிற தைரியத்தில் கால்வாசி நமக்கு இருக்கக்கூடாதா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. பொம்மையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

பாஷை நான் நினைத்த அளவு கஷ்டமாக இல்லை. நம்மைப்போலவே வினைச்சொல் கடைசியில்தான் வருகிறது. இது தெரிந்ததும் முதலில் சந்தோஷப்பட்டேன். பிறகு அதுவே பயமாகிவிட்டது. சுடாதீர்கள் என்பதற்கு ‘உதனைதே குதசை’ என்று பாய் சொல்லிக்கொடுத்தார். சுடுகிற வார்த்தை முன்னால் நிற்கிறது, வேண்டாம் என்பது பின்னால் வருகிறது.

“பாய், முன்பாதியை மட்டும் கேட்டுட்டு அவன் சுட்டுட்டான்னா?”

“வேகமா சொல்லுங்க ஐயரே! சொல்லிக்கினே இருங்க, பளகிடும்.”

குளிக்கும்போது சொன்னேன். ஆபீஸ் மாடிப்படி ஏறும்போது வாய்க்குள் சொன்னேன். சந்தியாவந்தனத்துக்கு நடுவில் ஒரு நாள் வந்துவிட்டது, தலையில் குட்டிக்கொண்டேன்.

பாய் முதல் நாளே கண்டித்துச் சொன்னது ஒன்று: “எளுதாதீங்க. மனசுல வெச்சுக்குங்க.” எங்கே கேட்டேன்? பதிமூன்று வருஷ குமாஸ்தா நான். எழுதாத விஷயம் என் மண்டையில் நிற்காது. ஆனால் எங்கே எழுதுவது? எங்கள் ஆபீஸில் ஒரு டைப்பிஸ்ட், டோக்கியோ ரேடியோவில் ஏதோ கேட்டதாகக் காபி நேரத்தில் உளறினான் என்று மறுநாளே போலீஸ்காரர்கள் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். மூன்று வாரம் கழித்துத் திரும்பினான்; வேலை போய்விட்டது, பேச்சும் பாதியாகக் குறைந்துவிட்டது. ஜப்பான்காரன் வந்து சுடுவதற்கு முன்னால் வெள்ளைக்காரன் பிடித்துப் போட்டுவிடுவானோ என்று இன்னொரு பயம். இரண்டு பயத்துக்கும் நடுவில் நான் கண்டுபிடித்த வழியை நினைத்து அன்றைக்கு மெச்சிக்கொண்டேன். இன்றைக்கு என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அப்போது ஊரில் முக்கால்வாசிப் பேர் ஸ்ரீராமஜெயம் எழுதிக்கொண்டிருந்தோம். லட்சம் தடவை எழுதி லஸ் ஆஞ்சநேயர் கோயிலில் கொடுப்பதாக என் மனைவியும் வேண்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு மூன்று நோட்டு, எனக்கு ஒரு நோட்டு. என் நோட்டின் முன்பக்கத்திலிருந்து ராமஜெயம். அதையே தலைகீழாகத் திருப்பி, பின்பக்கத்திலிருந்து ஜப்பான் பாஷை. தமிழ் எழுத்தில்தான் எழுதினேன். வரிசை எண், வாக்கியம், அர்த்தம் என்று மூன்று பத்தி கோடு போட்டு, ஆபீஸ் ரிஜிஸ்தர் மாதிரி. ராமஜெய நோட்டை எந்த போலீஸ்காரன் புரட்டிப் பார்ப்பான்? பூஜை அலமாரியில், சுவாமி படத்துக்குக் கீழேயே வைத்தேன்.

ஆறு வாரத்தில் நாற்பத்தாறு வாக்கியம் சேர்ந்தது. நான்தான் கேட்பேன், பாய் பெயர்த்துச் சொல்வார். வணக்கம் ஐயா. சுடாதீர்கள். என்னிடம் ஆயுதம் இல்லை. நான் வெறும் குமாஸ்தா, அதிகாரி இல்லை. எனக்குத் தண்ணீர் கொடுங்கள். எனக்கு உங்கள் பாஷை கொஞ்சம் தெரியும். எனக்கு வெள்ளைக்காரரைப் பிடிக்காது. இதற்கு மேல் ஒன்று உண்டு, சொல்ல வாய் கூசுகிறது: என் மேலதிகாரியின் வீடு எங்கே என்று காட்டுகிறேன். இதைக் கேட்டபோது பாய் என்னை ஒரு மாதிரி பார்த்தார். சொல்லிக்கொடுத்தார்; ஆனால் அன்றைக்கு டீ கொடுக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்து கை கால் கழுவிக்கொண்டு அலமாரியைப் பார்த்தேன். நோட்டு இல்லை. என்னுடையதும் இல்லை, அவளுடையதும் இல்லை.

“நோட்டெல்லாம் எங்கே?” என்றேன்.

“கோவில்ல குடுத்துட்டேன். கடல்ல கப்பல் தெரியறதாம், எல்லாரும் சொல்றா. இனிமே லட்சம் ஆறவரைக்கும் காத்துண்டிருக்க முடியுமா? எழுதின வரைக்கும் போறும்னு மத்தியானமே குடுத்துட்டேன். நாளைக்குச் சனிக்கிழமை, மாலை கட்டிச் சாத்தப்போறாளாம்.”

அந்தக் கோயிலில் ராமஜெயம் எழுதின தாள்களைக் கிழித்து, மடித்து, நூலில் கோத்து மாலையாக அனுமாருக்குப் போடுவார்கள். சனிக்கிழமை என்றால் கூட்டம் நெரியும். ஆஞ்சநேயர் கழுத்தில், ஊர் பார்க்க, முத்துமுத்தான என் கையெழுத்தில் ‘எனக்கு வெள்ளைக்காரரைப் பிடிக்காது’! நோட்டு அட்டையில் என் பேர் வேறு எழுதியிருந்தேன். குமாஸ்தா புத்தி.

அவள் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாளோ என்னவோ, நான் நிற்கவில்லை. சட்டைகூடப் போடாமல், மேல்துண்டோடு ஓடினேன்.

பிராகாரத்தில் ஏழெட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து தாள் மடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் கிழித்த தாள்கள் மலையாகக் குவிந்து கிடந்தன. பாதி மாலை ஏற்கெனவே தயாராகி ஆணியில் தொங்கிற்று. அர்ச்சகரிடம் மெதுவாக, “என் நோட்டுல எண்ணிக்கை தப்பாயிடுத்து, திருப்பித் தருவேளா?” என்றேன்.

“ஸ்வாமிக்குக் குடுத்ததைத் திருப்பிக் கேக்கலாமா? தப்பானா என்ன, அவர் கணக்குப் பார்க்கமாட்டார்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

சரி என்று வட்டத்தில் உட்கார்ந்து நானும் மடிக்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு தாளாக எடுத்து, முன்னும் பின்னும் பார்த்து, பிறகு மடித்தேன். பக்கத்தில் கம்பீரமாக மீசை வைத்த ஒருவர். பேச்சுக்கொடுத்ததில், போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டராக இருந்து பென்ஷன் வாங்கினவர் என்று தெரிந்தது. கையிலிருந்த தாளை மடியோடு தாழ்த்திப் பிடித்துக்கொண்டேன். அவர் என்னையே கவனித்தார்.

“என்ன ஓய், ஒவ்வொண்ணா படிச்சுப் பார்த்து மடிக்கிறீர்? எல்லாத்துலயும் ஒரே சேதிதானே!” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்படி ஒரு சிரிப்பை என் வாழ்நாளில் நான் சிரித்ததில்லை.

குவியல் தீர்ந்தது. ஜப்பான் தாள் ஒன்றுகூட அகப்படவில்லை. தொங்கின மாலையை அழகு பார்க்கிற சாக்கில் ஒவ்வொரு மடிப்பாக நிமிண்டிப் பார்த்தேன். இல்லை. மூலையில் கிடந்த அட்டைகளில் என் பேர் போட்ட அட்டையைத் தேடி எடுத்தேன். பின் அட்டையின் ஓரத்தில், தாள்களை யாரோ அவசரமில்லாமல், தையல் ஓரமாகச் சுத்தமாகக் கிழித்து எடுத்திருந்த அடையாளம் தெரிந்தது. ஆக, யாரோ படித்திருக்கிறான். படித்துவிட்டு, அது மட்டும் வேண்டும் என்று எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். நேரே எங்கே போயிருப்பான் என்று யோசிக்க எனக்கு ஜோசியம் தெரிய வேண்டியதில்லை.

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று நினைவில்லை. விளக்கு வைக்கிற நேரம். வைத்த விளக்கை மறைக்கிற காலம். எதிர்ச்சாரியில் ஒருவன் சைக்கிளை நிறுத்திவிட்டுச் செயினைச் சரிபண்ணிக்கொண்டிருந்தான். போலீஸ் வந்துவிட்டது என்றே முடிவு செய்தேன். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, அடுப்பங்கரையில் குழந்தைக்கு ரசம் சாதம் பிசைந்துகொண்டிருந்த அவள் எதிரில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். ஆமாம், அழுதேன். பாய், பொம்மை, ஞாயிற்றுக்கிழமை, நோட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். “என்னைப் பிடிச்சுண்டு போயிடுவா. உத்தியோகம் போயிடும். நீ எப்படியாவது குழந்தையைப் பார்த்துக்கோ” என்றேன்.

அவள் பிசைவதை நிறுத்தவில்லை.

“கிழிச்சது நான்தான்” என்றாள். “கோவிலுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி எத்தனை பக்கம்னு எண்ணிண்டு வந்தேன், பின்னாடி அதெல்லாம் இருந்தது. கிழிச்சு வெந்நீர் அடுப்புல போட்டுட்டேன். ஒரு துண்டுகூட மிச்சமில்லை.”

போன உயிர் திரும்பி வந்தது. அவள் காலில் விழுந்துவிடலாம் போல இருந்தது. அப்புறம் கோபமும் வந்தது. “அடிப்பாவி! அதை நான் ஓடறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கப்படாதா?”

“சொல்லலாம்னுதான் வாயைத் திறந்தேன். அப்புறம், ஓடட்டும்னு விட்டுட்டேன்.”

குழந்தைக்கு ஒரு வாய் ஊட்டினாள். அது மென்று முடிக்கிறவரை காத்திருந்தாள்.

“சும்மா அடுப்புல போடலை. உக்காந்து ஒவ்வொண்ணா படிச்சேன். நாப்பத்தாறு இருந்தது. என்னைச் சுடாதே, என்கிட்ட ஒண்ணும் இல்லை, எனக்குத் தண்ணி குடு, நான் வெறும் குமாஸ்தா. மறுபடியும் முதல்லேர்ந்து படிச்சேன். நானும் இதுவும் எந்த நம்பர்ல வரோம்னு தேடினேன்.”

என் குழந்தையைக் காப்பாற்றுங்கள், என் மனைவியை ஒன்றும் செய்யாதீர்கள், இவர்கள் என்னைச் சேர்ந்தவர்கள். ஒன்று, ஒரே ஒன்று இருக்கக்கூடாதா என்று மனசுக்குள் நாற்பத்தாறையும் வரிசையாக ஓட்டினேன். மேலதிகாரியின் வீட்டு வழிகூட இருந்தது. வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது.

“இப்பச் சொல்லுங்கோ” என்றாள். “என் ஆம்படையாளையும் குழந்தையையும் சுடாதேன்னு அவன் பாஷையில எப்படிச் சொல்லணும்?”

மனைவி என்பதற்கு வார்த்தை எனக்குத் தெரியாது. குழந்தை என்பதற்கும் தெரியாது. நான் கேட்கவேயில்லை.

“ஞாயித்துக்கிழமை பாயைக் கேட்டுண்டு வந்து சொல்றேன்” என்றேன்.

“கேட்டுண்டு வாங்கோ” என்றாள். குழந்தையின் வாயைத் துடைத்து, இடுப்பில் எடுத்து வைத்துக்கொண்டு எழுந்தாள். “அதுவரைக்கும் அவன் வராம இருக்கணும்.”