யோகலட்சுமியின் விரல்மேல் விழுந்த பழி

பகலெல்லாம் அம்மையார்குப்பத்தில் பவர்லூம் ஓட்டுகிற யோகலட்சுமி, சாயங்காலமானால் தணிகைவேலின் பாட்டுக் கச்சேரிக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பாள். தறி சோறு போட்டது. ஆனால் பேஸ் வாசிக்கும்போதுதான் அவள் சந்தோஷமாக இருந்தாள். பதினோரு வருஷச் சந்தோஷத்துக்கு, ஆயுத பூஜை முடிந்ததிலிருந்து மூன்று வாரமாக ஆபத்து வந்திருந்தது. பாட்டு நடுவில் பேஸ் சத்தம் செத்துவிடும். கொஞ்ச நேரத்தில் தானாக வரும். போன வாரம் அரக்கோணத்தில் தணிகைவேல் மைக்கிலேயே, "எங்க பேஸ் தூங்கிடுச்சு போல" என்று சொல்லி ஊரைச் சிரிக்க வைத்தார். மனிதருக்கு நகைச்சுவை வேறு!

இன்று திருத்தணியில் கல்யாண வரவேற்பு. ஏழு மணிக்குக் கச்சேரி. ஆறரைக்கு வாசித்துப் பார்த்தபோது மறுபடியும் சத்தம் போனது.

"இன்னா யோகா, கையில எதுனா கோளாறா? இன்னிக்கும் போச்சுன்னா, நாளையிலருந்து சுதாகரே கீபோர்டுல பேஸையும் சேத்து வாசிச்சிப்பான்" என்றார் தணிகைவேல்.

தறி வேலையில் விரல் மரத்துவிட்டதோ என்று அவளே பயந்துகொண்டுதான் இருந்தாள். ஆனால் தறி நின்றால் இழை இழையாகத்தானே பார்ப்பாள்? அதேபோல, முதலில் சுதாகரின் ஒயரைத் தன் கிட்டாரில் மாட்டினாள். சத்தம் விட்டு விட்டு வந்தது. தன் ஒயரையும் ஆம்ப்ளிஃபயரையும் அவன் கீபோர்டுக்குக் கொடுத்தாள். ஒழுங்காகக் கேட்டது. அப்படியானால் கோளாறு கிட்டாரில், இல்லையென்றால் விரலில். வாசலில் மாப்பிள்ளை வீட்டு வேன் ஹாரன் அடித்தது.

தன் ஒயரையே திரும்ப மாட்டி, தடித்த தந்தியை ஒரு தடவை மீட்டிவிட்டு விரலை எடுத்தாள். கிட்டாரில் செருகியிருந்த ஒயர் பின்னை லேசாகத் திருகினாள். தந்தி ஆடிக்கொண்டிருந்தது, சத்தம் மட்டும் பட்டென்று நின்றது.

விரல் இல்லை! அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

பின்னைப் பிடுங்கினாள். நுனியில் மஞ்சளாக ஏதோ காய்ந்திருந்தது. முகர்ந்தாள். சந்தனம். ஆயுத பூஜையன்று, பளபளவென்று வட்டமாக இருக்கிறதே என்று பின் நுழைகிற துளையின்மேலேயே பொட்டை அப்பிய மகராசன் தணிகைவேல்தான்.

"மோந்து பாருங்கண்ணா. யாரு வெச்ச பொட்டு இது?"

முகர்ந்தவரின் முகம் தொங்கிப்போனது. "சரி சரி, தொடச்சிட்டு வாசி. மாப்ள வந்துகினு இருக்காரு."

சானிடைசரில் நனைத்த பஞ்சுக்குச்சியால் துளையைத் துடைத்தாள். மாட்டினாள், மீட்டினாள், திருகினாள். சத்தம் அறுபடவில்லை. அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"மைக்குல சொன்னீங்க. மைக்குலயே மாத்திச் சொல்லுங்கண்ணா."

மாப்பிள்ளையும் பெண்ணும் படியேறி வந்துவிட்டார்கள். சுதாகரும் கீபோர்டிலிருந்து கையை எடுத்தான். தணிகைவேல் மைக்கை இரண்டு தடவை தட்டினார்.

"போன வாரம் எங்க பேஸ் யோகலட்சுமி தூங்கலீங்க. தப்பு நான் பண்ணது."

கல்யாணத்துக்கு வந்தவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. யோகலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு தந்தியில் விரலை வைத்தாள்.