அடிக்குறிப்பை மறைத்த வக்கீல்

பல் டாக்டர்களுக்குப் பொய்ப்பல் செட் செய்து கொடுப்பதுதான் அவர் பிழைப்பு. வீட்டின் பின்னறையில் மெழுகும் பிளாஸ்டர் அச்சுமாக முப்பது வருடம் ஓட்டிவிட்டார். சபையிலோ அவருக்குப் பெயர் "வக்கீல்". பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்பதை யார் மறுத்தாலும், "வக்கீலைக் கூப்பிடு" என்பார்கள்.

அவருடைய தங்கையின் கணவர் பஸ் டிரைவர். குமாரன் கடவுளல்ல, முதலில் படைக்கப்பட்டவர், அவ்வளவுதான் என்று சொல்லும் கூட்டத்தோடு அவருக்குச் சிநேகம் ஏற்பட்டது. தங்கை அழுதாள். "எல்லார் முன்னாலயும் பேசித் தீர்த்துடுங்க" என்றார் பாஸ்டர். ஒரு சனிக்கிழமை மாலை சபை ஹாலில் அறுபது பேர் கூடிவிட்டார்கள்.

டிரைவர் சண்டைக்காரர் அல்ல. மனதில் பட்டதைத்தான் கேட்டார்.

"பிதா தன்னைவிடப் பெரியவர்னு குமாரனே சொல்றாரே மச்சான், அப்புறம் எப்படி சமம்?"

"உங்க பையன் உங்க பேச்சைக் கேட்டு நடக்கிறான். அதனால அவன் மனுஷன் இல்லைன்னு ஆயிடுமா மாப்ள? கீழ்ப்படியிறது வேற, தன்மையில குறையிறது வேற. தேவதூதனைக் கும்பிடப் போனா அவன் தடுக்கிறான். குமாரனை ஒரு சீஷன் கடவுளேன்னே கூப்பிட்டான். தடுத்தாரா?"

ஹாலே தலையாட்டியது. டிரைவர் விடவில்லை. "சரி, மூணு பேரும் ஒண்ணுன்னு நேரா சொல்ற ஒரு வரியைக் காட்டுங்க. நான் வாயை மூடிக்கிறேன்."

ஒரே வரியில் இல்லை, முழு வேதமும் சேர்ந்துதான் அதைச் சொல்கிறது என்பதே நேர்மையான பதில். வக்கீலுக்கும் அது தெரியும். ஆனால் அறுபது பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேதத்தின் பழைய மொழிபெயர்ப்பைப் புரட்டி, பரலோகத்தில் சாட்சி சொல்லும் மூவரும் ஒன்றே என்ற வசனத்தைக் கணீரென்று வாசித்தார். மிகப் பழைய கிரேக்கப் பிரதிகளில் அந்த வரி கிடையாது, பின்னால் சேர்ந்தது என்ற அடிக்குறிப்பை அவர் எப்போதோ படித்திருந்தார்.

டிரைவர் எழுந்து நின்றார். "இது என் கண்ணுல படவே இல்லை மச்சான்." ஹால் கைதட்டியது.

டிரைவர் சபைக்குத் திரும்பினார். அந்த வசனத்தை அட்டையில் எழுதி பஸ்ஸில் ஸ்பீடோமீட்டருக்கு மேலே ஒட்டிவைத்தார். ஒருமுறை அந்த பஸ்ஸில் ஏறி அதைப் பார்த்த வக்கீல், அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிட்டார். அதன்பிறகு எங்கு போனாலும் நடைதான். "கொழுப்பு குறையட்டும்னு" என்று மனைவியிடம் சமாளித்தார். வேலையில் கை ஓடவில்லை. ஒரு பெரியவரின் கீழ்ப்பல் செட்டை டாக்டர் மூன்று முறை திருப்பி அனுப்பினார்.

ஒருநாள் தங்கை முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள். "அண்ணா, நீ காட்டின வசனத்தை வச்சே அவர் அந்தப் பழைய கூட்டத்து ஆளுங்ககிட்ட பேசப்போறாராம்!"

மறுநாள் மதியம் வக்கீல் பஸ் டிப்போவுக்குப் போனார். டிரைவர் குழாயடியில் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தார். வக்கீல் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

"தெரிஞ்சேதான் வாசிச்சீங்களா?"

"ஆமா."

"அப்ப மத்ததெல்லாம்?"

"மத்ததெல்லாம் உண்மை மாப்ள."

"அதையும் நீங்கதானே சொல்றீங்க." டப்பாவை மூடிக்கொண்டு டிரைவர் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வக்கீல் சபையிலும் எழுந்து ஒப்புக்கொண்டார். "ஜெயிச்ச கேஸை எதுக்குங்க தோண்டுறீங்க?" என்று ஒரு மூப்பர் சலித்துக்கொண்டார். டிரைவர் அன்று வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் டிரைவர் வக்கீலின் பின்னறைக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்தார். "அந்த வரி இல்லாம சொல்லுங்க. இங்க கைதட்ட ஆள் இல்லை."

வக்கீல் கையிலிருந்த மெழுகைக் கீழே வைத்தார். "கடவுள் அன்பானவர்ங்கறோம். உலகமே இல்லாதப்ப அவர் யாரை நேசிச்சார்? தன்னந்தனியா இருந்திருந்தா, அன்பு அவருக்கு நடுவுல வந்து சேர்ந்ததாயிடும். பிதா குமாரனை நேசிக்காத காலமே கிடையாது, மாப்ள."

"அப்ப ரெண்டு, மூணு கடவுளாயிடாதா?"

"ஞானஸ்நானம் கொடுக்கிறது மூணு பேரையும் சொல்லித்தான். ஆனா 'நாமங்கள்ல' இல்ல, 'நாமத்துல'ன்னு ஒருமையில இருக்கு. அது எப்படின்னு கேட்டா..." வக்கீல் மெழுகை மறுபடி கையில் எடுத்தார். "முழுசா எனக்குத் தெரியல."

"இதை அன்னைக்கே சொல்லியிருந்தா நான் போயிருப்பேன்னு நினைச்சீங்களா?"

டிரைவர் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. லீவு நாளில் வருகிறார், கேட்கிறார், போகிறார். சபைக்குத் திரும்பிய கணவரை உண்மையைச் சொல்லி விரட்டிவிட்டான் என்று தங்கைதான் அண்ணனிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.